வழி தேடும் விளையாட்டு

வீடியோ விளையாட்டு என்றவுடன் காலத்தை வீணே போக்கும் தொழிலென்று முகஞ்சுளிப்பார் பலர். அவ்வகையுட் பெரும்பாலன அவ்வசைக்கு உரியனவே என்பதை யாமும் மறுக்கோம். எனினும், எல்லா நூலும் நன்னூல் ஆகாமைபற்றி நூல் கற்றலையே வெறுப்பார் இலர். அதுபோலவே விளையாட்டுகளுள்ளும் நல்லதொன்றைத் தெரிந்தெடுத்து அதன் இயல்பை ஆராய்தல் தக்கதே. அத்தகையதென யாம் கருதுவது ‘ஹாலோ நைட்’ என்பதாம்.

இஃது ஆஸ்திரேலியாவிலுள்ள அடிலெய்டு நகரத்து ஆரி கிப்ஸன், வில்லியம் பெல்லன் என்னும் இருவர் தொடங்கிய ‘டீம் செர்ரி’ என்ற சிறு குழுவினரால் ஆக்கப்பெற்று, 2017ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டிற் பொதுமக்களிடம் திரட்டிய 57,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை அம்முயற்சிக்கு உதவியாயிற்று. 1986இல் ஜப்பானில் தோன்றிய ‘மெட்ராய்டு’ முதலாக வரும் மரபைச் சேர்ந்தது இவ்விளையாட்டு. ஒரு பெருநிலத்திற் புகுந்து, முதலில் அடைபட்டுத் தோன்றும் வழிகளைப் பின்னர்ப் பெறும் ஆற்றல்களாற் கடந்து, பகைவரை வென்று முன்னேறுதலே அம்மரபு. இங்கு அந்நிலமாவது, மண்ணுக்கடியிற் பாழடைந்து கிடக்கும் ‘ஹாலோனெஸ்ட்’ என்னும் பூச்சிகளின் பேரரசு. ஆணியையே வாளாக ஏந்திய ஒரு சிறு வீரனாக நாம் அதனுட் புகுகின்றோம்.

இதன் தலையாய சிறப்பு நிலப்படம் பற்றியது. ஏனைய விளையாட்டுகள் பல, செல்லவேண்டிய இடத்தை முன்னரே குறியிட்டுக் காட்டி, ஆடுவோரைக் கைப்பிடித்து நடத்தும். இங்கோ, புதியதொரு பகுதியிற் புகும்போது நம்மிடம் படமே இல்லை. கார்னிஃபர் என்னும் படம் வரைவோன் அப்பகுதியில் ஏதோ ஒரு மூலையில் இருக்கின்றான். அவன் முனகும் பாட்டும், அவனருகே சிதறிக் கிடக்கும் தாள்களுமே அவன் இருக்குமிடத்தை அறிவிப்பன. அவனைக் கண்டு காசு கொடுத்து வாங்கும் படமும் முற்றுப்பெற்றதன்று. எஞ்சிய இடங்களை நாமே நடந்து கண்டு, இளைப்பாறும் விசுப்பலகையில் அமரும்போது அதிற் சேர்க்கவேண்டும்; அதற்கு எழுதுகோலையும் முன்னரே விலைக்கு வாங்கியிருத்தல் வேண்டும். நாம் நிற்குமிடம் எது என்று படத்திற் காணவோ, திசைகாட்டியாகிய ஓர் அணியைப் பூணவேண்டும். அதனைப் பூண்டால் போருக்கு உதவும் வேறோர் அணிக்கு இடம் குறையும். ஆகவே, தான் எங்கிருக்கின்றான் என்னும் அறிவும் இங்கு விலையின்றிக் கிடைப்பதன்று.

இது வீண் தொல்லையன்றோ எனின், அன்று. கைப்பேசிப் படத்தின் நீலப் புள்ளியைப் பின்பற்றிப் பத்துமுறை சென்ற தெருவும் பதினோராம் முறை நமக்குப் புதிதாகவே தோன்றுகின்றது. ஹாலோனெஸ்டில் வழிதவறித் திரிந்த சந்துகளோ மனத்தை விட்டு நீங்குவதில்லை. தேடிக் கண்ட வழியே நம் வழியாகின்றது.

இரண்டாவது, கதை சொல்லும் முறை. ‘கண்ணீர் நகரம்’ என்னும் இடத்தில், மண்ணுக்கடியிலும் ஓயாது மழை பெய்கின்றது. இந்நீர் எங்கிருந்து வருகின்றதென அங்கே குவிரல் என்னும் வழிப்போக்கன் வியக்கின்றான். நெடுநேரத்திற்குப் பின் மேலேறிச் செல்வோர், அந்நகரின் தலைக்குமேல் ஒரு பெரிய நீல ஏரி பரந்து கிடத்தலைக் கண்டு விடையைத் தாமே உணர்வர். குவிரலும் முடிவில் அவ்வேரிக்கரையில் வந்து அமர்கின்றான். மறுமுறை செல்லும்போது அவனது ஆணி மட்டும் கரையில் ஊன்றி நிற்கின்றது, அவன் இல்லை. அவனுக்கு நேர்ந்தது யாதென ஒருவரும் உரையார். குறிப்பினாற் பொருள் உணர்த்துதலின் ஆற்றலைத் தமிழ் கற்பார் நன்கறிவர். அவ்வாற்றலை ஒரு விளையாட்டிற் கண்டு யாம் வியந்தோம்.

நிற்க. இதன்கட் குறையில்லையோ எனின், உண்டு. போரில் மடிந்தால், கடைசியாக அமர்ந்த விசுப்பலகையிலிருந்து மீண்டும் நெடுந்தூரம் நடந்து வரவேண்டும். மடிந்த இடத்தில் நம் காசனைத்தும் ஒரு நிழலுருவிடம் நின்றுவிடும். அதனை மீட்குமுன் மறுபடி மடிந்தால் அக்காசு முழுதும் போம். இத்தண்டனை சிலவிடங்களில் அளவுக்கு மிஞ்சியது என்பதே எம் கருத்து. இதனாற் பாதியிற் கைவிட்டாரைக் குறைகூறல் ஆகாது. ஆயினும், கும்பிடுபூச்சிகளின் தலைவர் மூவரையும் வென்றபின், அதுவரை நம்மைக் கண்டவுடன் தாக்கிய அக்குலத்தார் வாளாது நின்று தலைவணங்கி வழிவிடுகின்றனர். எளிதிற் பெற்ற வெற்றியாயின் அவ்வணக்கத்திற்குப் பொருளே இராது.

வழியெல்லாம் முன்கூட்டியே விளக்கும் குறிப்புகள் இணையத்திற் குவிந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து ஆடுவோர் விளையாட்டை முடிப்பர், ஆனால் ஆடினாராகார். மூலநூலைத் தொடாமல் வினாவிடைக் குறிப்புகளையே உருப்போட்டுத் தேர்வெழுதும் நம் வழக்கமும் இத்தன்மைத்தே. அங்கும் மதிப்பெண் கிடைக்கும், நூல் கிடையாது. பொருள் விளங்காத ஒரு செய்யுளின்முன் சிறிது நேரம் திகைத்து நிற்கும் பொறுமை நம்மிடையே குறைந்து வருகின்றது. அப்பொறுமையை இன்பத்தோடு பயிற்றுவதே இவ்விளையாட்டின் தனிச்சிறப்பென்பது எம் துணிபு. நண்பர்கள் விடுமுறையில், ஒரு குறிப்பையும் பாராது, ஒருமுறை இதனை ஆடிப் பார்ப்பாராக. தேர்வுக்கு முந்திய வாரத்தில் மட்டும் வேண்டா.