காணாத கல்லுக்குக் காசு கொடுக்கும் முன்

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறி மறுபக்கம் இறங்கினால் இரத்தினபுரி மாவட்டம். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை எனப் போற்றும் இம்மலைக்கு 1344இல் வந்த இப்னு பதூதா, இத்தீவின் மாணிக்கங்களைக் கண்டு வியந்து எழுதினார். 2016இல் உலகறிந்த 1404.49 கரட் நீலக்கல்லும் 'ஆதமின் நட்சத்திரம்' என்றே பெயர் பெற்றது.

கற்களோடு இத்தனை நெருக்கம் இருந்தும் வைரம் எமக்கு அந்நியமே. இலங்கை மண்ணில் வைரம் அகழப்படுவதில்லை. 'மாத்தறை வைரம்' எனப்பட்டது நிறமற்ற சிர்கோன் கல்லேயன்றி வேறில்லை. இன்றோ கைத்தொலைபேசித் திரையில் உதிரி வைரங்கள் மலிவு விலையில் மின்னுகின்றன. கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ உழைத்த பணத்தைத் திருமணச் செலவுக்கென வைத்திருக்கும் தோட்டத்து இளைஞரும் அவற்றால் கவரப்படுவது இயல்பே.

வைரத்தின் தரம் எடை, நிறம், தூய்மை, வெட்டு ஆகிய நான்கினால் அளவிடப்படுகிறது. ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். எடையைத் தராசு சொல்லிவிடும். ஆனால் ஒரு படி வேறுபட்ட நிறத்தையோ தூய்மையையோ வெறுங்கண்ணால் காண்பது அரிது. விலையிலோ அவ்வேறுபாடு பெரிது. விளக்கொளியில் எடுத்த படம் மங்கலான கல்லையும் மின்னச் செய்யும். எனவே இணையத்தில் வாங்குபவர் உண்மையில் நம்புவது கல்லை அன்று, சான்றிதழை.

அந்தச் சான்றிதழும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதல்ல. ஒரே கல்லுக்கு ஓர் ஆய்வுகூடம் வழங்கும் தரத்தை மற்றொன்று வழங்குவதில்லை. ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்ட வைரமும் அதே கரிமப் படிகமே. கடைகளிலுள்ள வெப்பச் சோதனைக் கருவியால் அதனை இயற்கை வைரத்திலிருந்து பிரித்தறிய இயலாது. மொய்சனைட் கல்லும் அக்கருவியை ஏமாற்றிவிடும். இயற்கை வைரத்தின் சான்றிதழ் இலக்கத்தை ஆய்வுகூட வைரத்தின் விளிம்பில் பொறித்த மோசடிகளை 2021இல் அமெரிக்க இரத்தினக்கல் ஆய்வு நிறுவனமே வெளிப்படுத்தியது.

தோட்டக் குடும்பத்திற்கு நகை என்பது அலங்காரம் மட்டுமன்று. நோய்க்கும் பிள்ளையின் படிப்புக்கும் அடகு வைக்கும் சேமிப்பு. அடகுக் கடை தங்கத்தையே நிறுத்துப் பார்க்கும், வைரத்தின் விலையைப் பெரும்பாலும் கணக்கில் எடுக்காது. ஆய்வுகூட வைரங்களின் விலையோ கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் சரிந்துள்ளது.

ஆகவே, வாங்கியே தீருவதெனில் சில நிபந்தனைகள் வேண்டும். சான்றிதழ் இலக்கத்தை விற்பனையாளர் தரும் இணைப்பில் அன்றி, ஆய்வுகூடத்தின் சொந்தத் தளத்திலேயே சரிபார்க்க வேண்டும். அதிலுள்ள எடையும் அளவுகளும் கைக்கு வந்த கல்லோடு பொருந்த வேண்டும். திருப்பி அனுப்பும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். அதற்குரிய காலம் முடியுமுன் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை போன்ற சுயாதீன ஆய்வுகூடத்தில் கல்லைக் காட்ட வேண்டும். குறையை மறைத்து விற்பதை இஸ்லாம் தடுப்பதோடு, மறைந்திருந்த குறை தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையையும் வாங்குபவருக்கு அளிக்கிறது. இவ்வுரிமையை மறுக்கும் விற்பனையாளரிடம் எந்த மதத்தவரும் வாங்காதிருப்பதே நன்று.

அரசுக்கும் கடமையுண்டு. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தைக் கொண்டு கடல்கடந்த இணைய விற்பனையாளரைப் பிடிப்பது எளிதன்று. ஆதலால் வாங்குமுன் காக்கும் வழியே உகந்தது. ஆண்டுதோறும் டிசம்பர் முதல் மே வரையான யாத்திரைக் காலத்திலேனும் அட்டனில் நடமாடும் கற்பரிசோதனைச் சேவையொன்றை நடத்துவது பற்றி அதிகாரசபை சிந்திக்க வேண்டும். மலையகத்தின் வியர்வைக்கு விலை சொல்பவர் முகம் தெரியாதவராக இருக்கலாகாது.