மூத்தோரும் வாய்க்கால் கரையும்

உறையூர்த் தறிகளை ஆண்டாண்டாய் மிதித்த கால்கள் முதுமையில் திண்ணையிலேயே முடங்குவது தகாது. சோழர் காலத்து உய்யக்கொண்டான் வாய்க்கால், பேட்டைவாய்த்தலையில் காவிரியினின்று பிரிந்து, திருச்சி நகரினூடே வாழவந்தான்கோட்டை ஏரியை நோக்கிச் செல்கிறது. அதன் கரையில் காலை இளவெயிலில் மெல்ல மிதிவண்டி ஓட்டும் மூத்த அங்கத்தினர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். உடற்பாரத்தை இருக்கை தாங்குவதால் முழங்கால் அதிகம் நோவதில்லை.

வாய்க்காலுக்கும் இதனால் நன்மையுண்டு. நகரில் குப்பையும் கழிவுநீரும் அதில் கலக்கின்றன. அடைப்பையும் உடைப்பையும் முதலில் காண்பவர் கரைவழி செல்பவரே. கண்டதை அன்றே சங்கத்தின் வாயிலாக நீர்வளத் துறைக்குத் தெரிவித்தால், கடைமடையின் நெல்லும் வாழையும் பிழைக்கும். ஆகவே, முட்புதர் நீக்கிக் கரைப்பாதையைச் செப்பனிட, நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் கூடி முன்வருதல் வேண்டும். ஆள் நடமாடும் கரை பாழாவதில்லை.