‘நெட் போய்விட்டது’ என்னும் ஆகுபெயர்

உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி நாள். இரவு பத்து மணி. விடுமுறைக்கு வீடு வந்திருக்கும் ஆய்வு மாணவி ஒருவரின் மடிக்கணினியில் விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை. வைஃபை குறி முழுமையாகத் தெரிகிறது. ரவுட்டரின் விளக்குகளிலும் குறையில்லை. ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டாயிற்று. வாடிக்கையாளர் சேவையில் அவர் சொல்லும் புகார் ஒரே தொடர்தான்: “நெட் போய்விட்டது.”

இலக்கணம் படித்தவர்கள் இத்தொடரில் ஒரு முதலாகுபெயரைக் காணலாம். முழுமையின் பெயர் உறுப்புக்கு ஆகி வந்திருக்கிறது. பழுதானது இணையம் அன்று. பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்டுப் பெறும் டி.என்.எஸ். என்னும் ஓர் உறுப்பு மட்டுமே. அன்றாடப் பேச்சில் ஆகுபெயர் அழகு. பழுது நீக்கத்தில் அதுவே முதல் தடை. எது பழுது என்று பெயரிட இயலாதவர், எங்கே கை வைப்பது என்றும் அறிய இயலாது.

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று அடைவது எண் முகவரிகளால். மனிதர் நினைவில் நிற்பவை பெயர்கள். தொடக்கத்தில் இவ்விரண்டையும் இணைத்தது ஒரே ஒரு பட்டியல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது. கணினிகள் பெருகியபோது பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்த டி.என்.எஸ். அந்தப் பொறுப்பைப் பலரிடம் பகிர்ந்தளித்தது. இன்று வீட்டுக் கணினியின் கேள்வி பெரும்பாலும் ரவுட்டர் வழியாகச் சேவை நிறுவனத்தின் டி.என்.எஸ். வழங்கிக்குச் செல்கிறது, விடை அதே வழியில் திரும்புகிறது. இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் தெரிவது ஏறக்குறைய ஒரே செய்திதான்.

ஆகவே தேவைப்படுவது ஒப்பீடு. கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் அப்பக்கத்தைத் திறக்க வேண்டும். திறந்தால் பழுது பெரும்பாலும் மடிக்கணினியில்தான். விண்டோஸ் கணினியில் ‘ஐ.பி.கான்ஃபிக்’ கட்டளையுடன் ‘ஃப்ளஷ் டி.என்.எஸ்.’ என்பதைச் சேர்த்து இயக்கினால், தேங்கிய பழைய விடைகள் நீங்கும். கைப்பேசியிலும் திறக்கவில்லையெனில், 8.8.8.8 என்ற எண்ணுக்கு ‘பிங்’ அனுப்பலாம். எண் மறுமொழி தந்து, பெயர்கள் மட்டும் திறக்கவில்லையென்றால் பழுது பெயர்த் தேடலில். ‘என்.எஸ்.லுக்அப்’ கட்டளையால் அதே பெயரை முதலில் வழக்கமான வழங்கியிடமும், பிறகு 1.1.1.1 என்ற பொது வழங்கியிடமும் கேட்க வேண்டும். பின்னது மட்டும் விடை தந்தால், குறை சேவை நிறுவனத்தின் வழங்கியிலோ, அதற்குக் கேள்வியைக் கொண்டுசெல்லும் ரவுட்டரிலோ இருக்கிறது. இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் போதும்.

ஆனால் மாணவரிடையே வழங்குவது சோதனை அன்று, கைமருந்து. ‘எட்டு எட்டு எட்டு எட்டு போடு’ என்று யாரோ சொல்ல, மடிக்கணினியில் அதை நிரந்தரமாகப் பதித்துவிடுகிறார்கள். அன்றிரவு வேலை நடக்கும். விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பியதும் வளாக வலையமைப்பின் நுழைவுப் பக்கம் திறக்க மறுக்கலாம். வளாக வழங்கிக்கு மட்டுமே தெரிந்த நூலக உள்பெயர்கள் பொது வழங்கிக்குத் தெரியா. பழைய மாற்றத்தை அப்போது யார் நினைவில் வைத்திருப்பார்? வீட்டு வழங்கியின் குறைக்கான மாற்றத்தை வீட்டு ரவுட்டரில் செய்வதே முறை. முன்பிருந்த அமைப்பை முதலில் குறித்துவைக்க வேண்டும். நிறுவனம் தரும் சில ரவுட்டர்களில் அப்பகுதி பூட்டப்பட்டிருக்கும். அப்போது மடிக்கணினியில் மாற்றி, புறப்படுமுன் ‘தானியங்கு’ நிலைக்குத் திருப்பிவிடலாம்.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. பெயர்களுக்கு விடை சொல்பவரே பயனரை எங்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறார். டி.என்.எஸ்.சேஞ்சர் என்ற தீநிரல் இலட்சக்கணக்கான கணினிகளின் இந்த அமைப்பை மாற்றி, கேள்விகளை மோசடிக்காரர்களின் வழங்கிகளுக்குத் திருப்பியது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அவ்வழங்கிகளைக் கைப்பற்றியது. பயனர்கள் திடீரெனத் துண்டிக்கப்படாதிருக்க, நீதிமன்ற ஆணைப்படி தற்காலிக வழங்கிகள் இயங்கின. 2012 ஜூலை 9இல் அவையும் நிறுத்தப்பட்டன. அதுவரை அமைப்பைத் திருத்தாதவர்க்குக் கம்பி உயிருடன் இருந்தும் பெயர்கள் திறக்கவில்லை. அவர்களும் ‘இணையம் போய்விட்டது’ என்றே எண்ணியிருப்பார்கள். வழங்கியை மாற்றுவது, எந்தெந்தத் தளங்களைத் தேடினோம் என்ற தடத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் ஒப்படைப்பதும்கூட.

முனைவர் பட்டத்துக்கான பாடநெறியில் மேற்கோள் முறைக்கும் கருத்துத் திருட்டுக்கும் வகுப்புகள் உண்டு. ஆய்வு முழுவதும் நிகழும் இணைப்பைப் பற்றி ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படுவதில்லை என்பதே பல துறைகளின் நிலை. மொழியியல், வரலாறு, இலக்கியத் துறைகளில் ‘அது கணினித் துறையினர் வேலை’ என்ற ஒதுக்கல் இன்னும் வலிது. கேள்வியைக் கூறுகளாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, முன்நிலையைப் பதிந்துவைத்துச் சோதிப்பது எல்லாத் துறைக்கும் பொதுவான ஆய்வு நெறி. அதை வகுப்பில் கற்றவர், இரவு பத்து மணிக்கு ரவுட்டர் முன்னால் மறந்துவிடுவது ஏன்?

அந்த மாணவி கேட்க வேண்டியிருந்தது, “நெட் எப்போது வரும்?” என்பதன்று, “எண்ணுக்கு விடை வருகிறது, பெயருக்கு வரவில்லை, உங்கள் டி.என்.எஸ். வழங்கி இயங்குகிறதா?” என்பது. இக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவரின் விண்ணப்பம் பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.