லாக்புக்கில் ஒரு கையெழுத்து

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் பொங்கலூர் வந்திருந்தாள். எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டுப் பரீட்சை நெருங்குகிறது. அது முடிந்ததும் எலக்டிவ், அதாவது மாணவரே துறையைத் தேர்ந்தெடுத்துப் பயிலும் காலம். எந்தத் துறை என்று இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"சீக்கிரம் லாக்புக்ல கையெழுத்துப் போட்டு அனுப்பற டிபார்ட்மென்ட்டாப் பார்த்து எடுத்துக்கோன்னு சீனியருங்க சொல்றாங்க மாமா. மிச்ச நேரத்துல நீட் பி.ஜி.க்குப் படிக்கலாமுங்க."

அவள் ஆசை ரேடியாலஜி. அந்த இடத்துக்குப் போட்டி எப்படி என்று ஊருக்கே தெரியும். மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வில் 200 கேள்வி, 800 மதிப்பெண். அதில் வரும் ரேங்க்தான் எல்லாம். எலக்டிவ்வுக்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. எலக்டிவ்வில் கூட வைத்து வேலை வாங்கிய பேராசிரியர் எழுதித் தரும் பரிந்துரைக் கடிதம் அங்கே ரெசிடென்சி விண்ணப்பத்தோடு போகிறது.

2019இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது எலக்டிவ்வுக்கு இரண்டு மாதம் ஒதுக்கினார்கள். பிறகு அது பதினைந்து பதினைந்து நாளாக ஒரு மாதத்துக்குச் சுருங்கிவிட்டது. முதல் பாதி ஆய்வகத்திலோ ஆராய்ச்சியிலோ, அடுத்த பாதி நோயாளிகளைப் பார்க்கும் துறையில்.

"ரேடியாலஜி ரூம்ல முழுசா ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கியா கண்ணு?" என்று கேட்டேன். இல்லை என்றாள். கவுன்சலிங்கில் ரேங்குக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மூன்று வருடம் படித்து, காலமெல்லாம் அதையே செய்ய வேண்டும். இருட்டறையில் திரையைப் பார்த்தபடி நாள் முழுக்க இருக்க மனசு ஒப்புமா என்று பதினைந்து நாளில் தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமலே ஆசைப்படுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

முதல் பாதிக்கு நான் சொன்னது வேறு: உடலியங்கியல் ஆய்வகம். அதற்குக் காரணம் உண்டு. ஸ்பின்னிங் மில்லில் இருபது வருடம் கணக்கு எழுதியவன் நான். பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் ஒருவர் இருந்தார். வார லீவு முடிந்து திங்கட்கிழமை வந்தால் மதியத்துக்குள் நெஞ்சு இறுகி, மூச்சு வாங்க, கேன் மேல் சாய்ந்து நிற்பார். வியாழன் வாக்கில் தேறிவிடுவார். "ஞாயித்துக்கிழமை குடிச்சிருப்பான்" என்று மேஸ்திரி திட்டுவார். நானும் அதை நம்பினேன். அவர் குடிக்கிறவரே இல்லை.

பஞ்சுத் தூசியால் வரும் அந்த நோய்க்கு பிஸினோசிஸ் என்று பெயர். அவளுடைய பாடப்புத்தகத்தில்தான் பார்த்தேன். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் இறுக்குவதுதான் அதன் அடையாளமே. ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லி ஒப்பிட்டால் பிடித்துவிடலாம். எந்தக் கிழமை அதிகம் என்று கேட்கத் தெரியாத டாக்டர், ஆஸ்துமா என்று எழுதி அனுப்பிவிடுவார்.

திருப்பூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. வருடத்துக்கு 100 பிள்ளைகள் சேர்கிறார்கள். பல்லடம், அவிநாசிபாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் பஞ்சும் தறியும்தான். ஒரு ஸ்பைரோமீட்டரும் பதினைந்து நாளும் இருந்தால் அவர்கள் இங்கே கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது.

அக்கா மகள் முதல் பாதிக்கு உடலியங்கியல் ஆய்வகம், இரண்டாவதுக்கு ரேடியாலஜி என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வராத பிள்ளையின் லாக்புக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.