இடம் அறிந்து பழகுவோம்

அறிவியல் வளர வளர உலகம் சுருங்கி வருகிறது. ஒரு நாட்டில் செய்த பொருள் மறு நாட்டுச் சந்தைக்கு எளிதில் வந்து சேருகிறது. நல்ல சரக்கும் குறைந்த விலையும் இருந்தால் எந்த நாட்டிலும் வாணிகம் செழிக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அவை மட்டும் போதா, அந்நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களையும் அறிய வேண்டும் என்பதே நமது கருத்து.

அமெரிக்காவில் பெயர் பெற்ற வால்மார்ட் நிறுவனம் 1997, 1998 ஆகிய ஆண்டுகளில் ஜெர்மனியில் 95 கடைகளை விலைக்கு வாங்கியது. அங்கே முதலில் அனுப்பப்பட்ட தலைவருக்கு ஜெர்மன் மொழி தெரியாது. ஆகவே மேலதிகாரிகள் ஆங்கிலத்திலேயே பேச வேண்டியதாயிற்று. கடை வாசலில் நின்று சிரித்த முகத்துடன் வரவேற்கவும், வாங்கிய பொருள்களைப் பையில் போட்டுக் கொடுக்கவும் ஆட்கள் நியமிக்கப்பட்டனர். அமெரிக்கருக்கு இது உபசாரம். ஜெர்மானியரோ தம் பொருள்களைத் தாமே பையில் எடுத்து வைத்துப் பழகியவர்கள். முன்பின் அறியாதவர் சிரித்து வரவேற்பது அவர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. ஊழியர்களுக்கான நடத்தை விதிகளும் தொழிலாளர் குழுவைக் கலக்காமலே வகுக்கப்பட்டன. அவற்றுள் சில செல்லா என்று 2005-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலிவு விலைக் கடைகள் அங்கு ஏற்கெனவே இருந்ததால் போட்டியும் கடுமையாக இருந்தது. முடிவில், 2006-இல் எஞ்சிய 85 கடைகளையும் விற்று, சுமார் 100 கோடி டாலர் நஷ்டத்துடன் அந்நிறுவனம் வெளியேறியது.

புன்னகை செய்வது குற்றமா என்று கேட்கலாம். புன்னகையில் குற்றம் இல்லை. நமக்குப் பிடித்தது எல்லாருக்கும் பிடித்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தில்தான் குற்றம் இருக்கிறது.

1996-இல் இந்தியாவுக்கு வந்த மெக்டொனால்ட்ஸ் என்ற அமெரிக்க உணவு நிறுவனமோ வேறு விதமாக நடந்துகொண்டது. தன் நாட்டில் மாட்டிறைச்சிக்குப் பெயர் பெற்ற அந்நிறுவனம் இங்கே மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் விலக்கியது. சைவ உணவைத் தனியிடத்தில் சமைத்தது. இலாபத்துக்காகத்தானே இப்படிச் செய்தார்கள் என்பார் சிலர். இருக்கட்டும். இலாபத்துக்காகவே பிறர் மனத்தை இவ்வளவு அறிய வேண்டியிருக்கிறது என்றால், கூடி வாழும் நாம் அன்புக்காக எவ்வளவு அறிய வேண்டும்!

அன்புத் தோழியரே, இந்தப் பயிற்சியைத் தொடங்க நாம் கப்பல் ஏற வேண்டியதில்லை. நம் வகுப்பிலேயே பல சமயத்தவரும், வீட்டில் வேறு மொழி பேசுபவரும் இருக்கின்றனர். அருகில் அமர்ந்திருப்பவளின் உணவையும் நோன்பையும் பண்டிகையையும் கேட்டறிவோம். நாளை எந்த நாட்டில் எப்பணியில் அமர்ந்தாலும், முதலில் கேட்போம், பிறகு பேசுவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி