பெயர் திறவுகோல் ஆகாது

"ஏபிஐ வழியே பெற்ற தரவு, டிக்ஷனரியாக மாற்றப்பட்டுப் பகுப்பாய்வு செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரியோடு ஆய்வுமுறை இயலை முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வடிவ மாற்றம் என்று நாம் பெயரிடும் அந்த இடத்தில்தான் யார் யார் ஒரே ஆள், யார் வேறாள் என்ற தீர்ப்பு வழங்கப்படுகிறது.

கிராஸ்ரெஃப் ஏபிஐயை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையின் ஆசிரியர்களை அது பட்டியலாகத் தருகிறது. குடும்பப்பெயர், இயற்பெயர், நிறுவனம் முதலியவற்றைக் கொண்ட தனித்தனிப் பொருள் ஒவ்வோர் ஆசிரியருக்கும் உண்டு. தேடுவதற்கு எளிது என்று குடும்பப்பெயரைத் திறவுகோலாக்கி, இப்பட்டியலைப் பைத்தான் டிக்ஷனரியாக மாற்றுகிறார்கள். முதலாசிரியரும் குமார், நான்காம் ஆசிரியரும் குமார் எனில், பின்னவரின் விவரம் முன்னவரின் விவரத்தை அழித்து அமரும். பிழைச்செய்தி எதுவும் வராது. பைத்தான் 3.7 முதல் டிக்ஷனரி உள்ளீட்டு வரிசையைக் காக்கிறது. ஆனால் முன்பே உள்ள திறவுகோலுக்குப் புதிய மதிப்பு வரும்போது அதன் இடம் மாறுவதில்லை. ஆகவே நான்காமவர் முதலாசிரியராகிவிடுவார். உண்மையான முதலாசிரியர் அத்தரவிலேயே இருக்கமாட்டார்.

"இஃது அரிதாக நிகழ்வது" என்று வாதிடுவோர் நம் நாட்டுப் பெயர்களை எண்ணிப் பார்க்கட்டும். சிங், குமார், தேவி என்று முடியும் பெயர்கள் எத்தனை! தமிழர் பலரின் தலைப்பெழுத்து தந்தை பெயரைக் குறிப்பது; அதையே குடும்பப்பெயராக்கி வெளியிடும் இதழ்களும் உண்டு. ஆய்வுக் கூட்டமைப்பு ஆசிரியராக இடம்பெறின் குடும்பப்பெயர்க் கட்டமே இராது. அத்தகையவை இரண்டு இருந்தால், வெற்று மதிப்பே திறவுகோலாகி இரண்டும் ஒன்றாய்ச் சுருங்கும்.

இவ்வாறு சுருங்கிய தரவைக் கொண்டே பெண் ஆய்வாளர்களின் பங்கு எவ்வளவு, சிறு கல்லூரிகளின் பங்கு எவ்வளவு என்று அட்டவணை வரைகிறோம். அட்டவணையில் தெரியும் குறைவு சமூகத்தின் குறைவா, நம் நிரலின் குறைவா என்று எப்படிச் சொல்வது?

தீர்வு கடினமானதன்று. டிஓஐயையும் ஆசிரியரின் வரிசை எண்ணையும் இணைத்துத் திறவுகோலாக்குக. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பதிவுகளை எண்ணி, இரு எண்களையும் ஆய்வேட்டில் தருக. ஏபிஐ தந்த மூலப் பதிலைத் தொடாமல் சேமித்து வைக்குக.

நெறியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாதிரியின் அளவை வினவும் நீங்கள், வாய்மொழித் தேர்வில் "உமது திறவுகோல் யாது?" என்றும் வினவுங்கள். விடை கூற இயலாத ஆய்வேட்டின் அட்டவணைகளை நம்ப வேண்டிய கடமை எவருக்கும் இல்லை.