நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு போத்தல்

மாரி மழை தொடங்கியதும் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரையான கரையோர ஊர்களுக்கு இரண்டு காய்ச்சல்கள் வந்து சேர்கின்றன. ஊருக்குள் தேங்கிய தண்ணீரில் பெருகும் நுளம்பு டெங்குவைக் கொண்டுவருகிறது. பெரும்போக வேளாண்மைக்காக வட்டைக்குள் இறங்குகிறவர்களை எலிக்காய்ச்சல் பிடிக்கிறது. கிருமி வேறு, தொற்றும் வழியும் வேறு. ஆனால் முற்றும்போது இரண்டுமே குருதிக் குழாய்களின் உட்சுவரைத்தான் பதம்பார்க்கின்றன. அந்தச் சுவர் கசியத் தொடங்கினால் இரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் தளரும், நுரையீரல் நனையும். அந்த வேளையில் நாளத்தில் ஏற்றும் திரவம் ஆளைக் காப்பாற்றும். அளவு மீறினாலோ நேரம் தவறினாலோ அதே திரவம் மூச்சை அடைக்கும்.

வாட்டில் ஒருவரை அனுமதித்ததும் கூட வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இன்னும் சேலைன் ஏத்தல்லையா மிஸ்?" என்பதுதான். போத்தல் தொங்கினால் வைத்தியம் நடக்கிறது என்ற நிம்மதி. தொங்காவிட்டால் கவனிக்கவில்லை என்ற கோபம். காய்ச்சலில் சோர்ந்தவரைத் தனியார் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிப்போய், ஒரு போத்தல் ஏற்றினால் உசாராகிவிடுவார் என்று கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. இந்த நம்பிக்கைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1832 இல் ஸ்கொட்லாந்தின் லீத் நகரில் வாந்திபேதியால் சாகக் கிடந்தவர்களின் நாளத்துக்குள் தோமஸ் லட்டா என்ற வைத்தியர் உப்பு நீரை ஏற்றிச் சிலரை உயிர்ப்பித்தார். வாந்திபேதியில் தண்ணீர் உடலை விட்டே போய்விடுகிறது. போனதைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் திரும்புகிறது. கசிவு நோய்களில் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே தண்ணீர் குழாயை விட்டு வெளியேறினாலும் உடலை விட்டுப் போவதில்லை. நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் நுரையீரலின் காற்றுப் பைகளிலும் தேங்கிவிடுகிறது.

எங்கள் விவசாயிகளுக்கு இது விளங்க நேரமெடுக்காது. வரம்பெல்லாம் நண்டுவளை விழுந்த வயலுக்கு வாய்க்காலை அகலத் திறந்துவிட்டால் அந்த வயல் காய்ந்தே கிடக்கும், பக்கத்து வயல் மூழ்கும்.

நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகள் இருக்கின்றன. அங்கே காற்றையும் குருதியையும் பிரிக்கும் சுவர் சராசரியாக ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. கடும் தொற்றோ நிமோனியாவோ புரையேறிய வாந்தியோ அந்தச் சுவரைப் புண்ணாக்கினால் குருதியிலுள்ள புரதம் வெளியே வடியும், தண்ணீர் அதன் பின்னால் போகும், ஒட்சிசன் உள்ளே வர வழியிருக்காது. 1967 இல் அமெரிக்க வைத்தியர்கள் பன்னிரண்டு நோயாளிகளை வைத்து இதைத் தனி நோய்நிலையாக விவரித்தார்கள். கடும் நுரையீரல் காயம் என்ற பெயர் நெடுங்காலம் புழங்கியது. 2012 இல் வந்த பேர்லின் வரைவிலக்கணம் அந்தப் பெயரைக் கைவிட்டு, எல்லாவற்றையும் கடும் சுவாசத் தொகுதி நலிவின் மூன்று படிகளாக வகுத்தது. பெயர் எதுவாக இருந்தாலும் வாட்டில் நிற்கும் வைத்தியரின் சங்கடம் மாறவில்லை: நுரையீரல் உலர்ந்திருக்க விரும்புகிறது, சிறுநீரகம் குருதியோட்டம் குறையாமலிருக்க விரும்புகிறது.

இந்த இழுபறி போர்க்களத்தில் வெளிப்பட்டது. கொரியப் போரில் காயமடைந்த அமெரிக்கப் படையினர் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அந்த அனுபவத்தால் வியட்நாமில் திரவத்தைத் தாராளமாக ஏற்றினார்கள். சிறுநீரகங்கள் பெருமளவு தப்பின. ஆனால் நெஞ்சில் காயமே படாதவர்களுக்கும் ஓரிரு நாளில் நுரையீரல் நனைந்து மூச்சு முட்டியது. படை வைத்தியசாலை இருந்த ஊரின் பெயரால் அதை 'டா நாங் நுரையீரல்' என்றார்கள். அதிர்ச்சியும் தொற்றும் குருதி மாற்றமும் அதில் பங்குகொண்டன, திரவத்தின் மேல் மட்டும் பழிபோட முடியாது. ஆனாலும் ஓர் உறுப்பைக் காக்க ஏற்றியது இன்னோர் உறுப்பில் போய்த் தேங்கலாம் என்ற அச்சம் அன்றிலிருந்து வைத்தியர்களை விட்டுப் போகவில்லை.

அந்த அச்சத்தைக் கணக்கில் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2006 இல் வெளிவந்தது. கடும் நுரையீரல் காயமடைந்த ஆயிரம் பேரை அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்குத் திரவம் தாராளம், மற்றவர்களுக்குச் சிக்கனம். ஏழு நாள் முடிவில் தாராளப் பிரிவினரின் உடலில் சராசரியாக ஏறத்தாழ ஏழு லீற்றர் மிகுந்து நின்றது. சிக்கனப் பிரிவில் வரவும் செலவும் அநேகமாகச் சமன். அறுபது நாளுக்குள் இறந்தவர்கள் சிக்கனப் பிரிவில் 25.5 வீதம், தாராளப் பிரிவில் 28.4 வீதம். இந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் சிக்கனப் பிரிவினர் செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து ஏறக்குறைய இரண்டரை நாள் முன்னதாக விடுபட்டார்கள். எல்லாரும் பயந்த சிறுநீரகமோ கெடவில்லை. குருதிச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டவர்கள் சிக்கனப் பிரிவில் 10 வீதம், தாராளப் பிரிவில் 14 வீதம். திரவம் மிகுந்தால் சிறுநீரகமும் வீங்கும், அதன் நாளங்களிலும் அழுத்தம் ஏறும். அதிகம் கொடுப்பதே சிறுநீரகத்துக்கு எப்போதும் பாதுகாப்பு என்ற எண்ணம் அன்று ஆட்டம்கண்டது.

இந்த ஆய்வை அரைகுறையாகப் பிடித்துக்கொள்வதும் ஆபத்து. அதிர்ச்சி நிலை நீங்கி இரத்த அழுத்தம் நிலைப்பட்டவர்களிடம்தான் சிக்கனம் கடைப்பிடிக்கப்பட்டது. அழுத்தம் விழுந்து கை கால் குளிர்ந்து கிடப்பவருக்குத் திரவத்தை மறுக்க அது சான்றல்ல. தப்பியவர்களில் சிலரைப் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு, சிக்கனப் பிரிவினரின் நினைவும் சிந்தனையும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயத்தை 2012 இல் எழுப்பியது. மூளையும் ஓர் உறுப்புத்தானே.

அளவுக்கு அடுத்தது வகை. 'நோர்மல் சேலைன்' என்று நாம் அழைப்பதில் ஒரு லீற்றருக்குச் சோடியம் 154, குளோரைட்டு 154 அலகுகள். நம் குருதியில் குளோரைட்டு நூறை ஒட்டித்தான் இருக்கும். லீற்றர் கணக்கில் ஏற்றும்போது குளோரைட்டு மிகுந்து குருதியில் அமிலம் கூடும், சிறுநீரகத்துக்குள் போகும் குழாய்கள் சுருங்கும். 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகப் பிரித்தானியாவின் நொட்டிங்ஹாமில் சுகதேகிகள் பன்னிருவருக்கு இரண்டு லீற்றர் ஏற்றிப் பார்த்தபோதே சேலைன் சிறுநீரகக் குருதியோட்டத்தைக் குறைத்தது, குளோரைட்டு குறைந்த திரவம் குறைக்கவில்லை. இதற்கு மாற்று நம்மிடம் புதிதல்ல. அலெக்சிஸ் ஹார்ட்மன் என்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் 1930களில் ரிங்கர் கரைசலில் லக்ரேற்றைச் சேர்த்துச் செய்த ஹார்ட்மன் திரவம் இலங்கை வைத்தியசாலைகளில் நெடுங்காலமாகப் புழங்குகிறது.

ஹார்ட்மன் போன்றவை சேலைனைவிட மேலா என்பதில் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 15,802 பேரிடம் நடந்து 2018 இல் வெளிவந்த ஆய்வில் மரணம், குருதிச் சுத்திகரிப்பு, நீடித்த சிறுநீரகக் கேடு மூன்றையும் சேர்த்த கணக்குச் சேலைன் பிரிவில் 15.4 வீதம், மற்றதில் 14.3 வீதம். ஆனால் 2021 இல் பிரேசிலிலிருந்தும் 2022 இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்தும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் வேறுபாட்டைக் காணவில்லை. பிரேசில் ஆய்வில் தலையில் அடிபட்டவர்களுக்குச் சேலைனே நல்லதாகத் தெரிந்தது. ஓரிரு போத்தலுக்கு இந்தத் தேர்வு பெரிய விடயமல்ல என்றே நான் கொள்கிறேன். லீற்றர் லீற்றராக ஏற்ற நேரும்போதும், சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும்போதும் ஹார்ட்மன் பக்கம் சாய்வதுதான் நியாயம்.

மாப்பொருளிலிருந்து செய்யப்படும் ஸ்டார்ச் திரவங்களின் கதை இன்னும் கசப்பானது. பெரிய மூலக்கூறுகள் குழாய்க்குள்ளேயே நிற்கும், எனவே குறைந்த திரவத்தால் அழுத்தத்தைத் தூக்கலாம் என்பது எண்ணம். அதை ஓங்கி ஆதரித்த ஜெர்மனிய வைத்தியர் யோவாகிம் போல்ட்டின் கட்டுரைகள் 2010, 2011 காலத்தில் பெருந்தொகையாக மீளப்பெறப்பட்டன. அவற்றில் பலவற்றுக்கு முறையான அறநெறி அனுமதியே இருக்கவில்லை. ஸ்கண்டிநேவிய நாடுகளில் கடும் குருதித் தொற்று நோயாளர் 798 பேரிடம் நடந்து 2012 இல் வெளிவந்த ஆய்வில் ஸ்டார்ச் பெற்றவர்களில் 51 வீதமானோர் தொண்ணூறு நாளுக்குள் இறந்தார்கள். ரிங்கர் வகைத் திரவம் பெற்றவர்களில் அது 43 வீதம். சிறுநீரகம் கெட்டவர்களும் ஸ்டார்ச் பிரிவிலேயே அதிகம். கசியும் சுவரை மூலக்கூறின் பருமனால் ஏமாற்றிவிட முடியவில்லை. கடும் தொற்றால் நுரையீரல் கெட்டவருக்கு இதை இன்று ஏற்ற நியாயமே இல்லை.

டெங்கு இந்தக் கடும் தொற்றுகளிலிருந்து வேறுபடுகிறது, நமக்கு மிக நெருக்கமான பாடமும் அங்கேதான் இருக்கிறது. டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலில் கசிவு காலவரையறை உடையது. குருதிச் சிறுதட்டுகள் ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கும் கட்டத்தை ஒட்டித் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். இலங்கைச் சுகாதார அமைச்சின் வழிகாட்டி இந்தக் காலம் முழுவதற்கும் ஒரு மொத்த அளவைக் கணக்கிடச் சொல்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள வளர்ந்தவருக்கு அது 4,600 மில்லிலீற்றர். நாளத்தில் ஏறுவதும் வாயால் குடிப்பதும் இந்தக் கணக்கில் அடங்கும். உம்மா ஆசையோடு கொடுக்கும் இளநீரும் ஜீவனியும் கஞ்சியும் கூட அடங்கும். தாதிக்குச் சொல்லாமல் கொடுத்த இரண்டு இளநீர், வைத்தியர் மிக நுணுக்கமாகப் போட்ட கணக்கைப் பிழையாக்கிவிடும். டெங்கு அதிர்ச்சியில் டெக்ஸ்ட்ரான் 40 போன்ற கனத்த திரவத்துக்கும் இடமுண்டு, அளவோடு. ஆனால் வியட்நாமில் 383 பிள்ளைகளிடம் நடந்து 2005 இல் வெளிவந்த ஆய்வு, நடுத்தர அதிர்ச்சிக்கு ரிங்கர் லக்ரேற்றே போதும் என்று காட்டியது.

சிறுநீரும் அளந்து பார்க்கப்படுகிறது. ஐம்பது கிலோ ஆளுக்கு மணிக்கு 25 மில்லிலீற்றர் போனால் போதும். நிறையப் போவது நல்லதுதானே என்று நமக்குத் தோன்றும். மணிக்கு 50ஐத் தாண்டினால் திரவம் கூடிவிட்டது, குறையுங்கள் என்பது அதன் பொருள். கசிவு நின்றபின், வெளியே தேங்கிய தண்ணீர் முழுவதும் தானாகவே குழாய்க்குள் திரும்புகிறது. அந்த மணிநேரங்களிலும் சேலைன் ஓடிக்கொண்டிருந்தால் இதயத்தால் தாங்க முடியாது, நுரையீரல் நனையும். காய்ச்சல் விட்டது, ஆள் தெளிந்தார் என்று வீட்டார் மூச்சுவிடும் நேரத்தில் அவருக்கு மூச்சுத் திணறுவது இப்படித்தான்.

இந்தக் கணக்கைப் பிடிவாதமாகப் பின்பற்றியதன் பலன் எண்களில் தெரிகிறது. 2009 இல் நாட்டில் 35,095 பேருக்கு டெங்கு, 346 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு ஒருவர். 2017 இல் வரலாறு காணாத பரவல், 186,101 பேர், மரணம் 440. அது நானூறில் ஒன்றை ஒட்டிய விகிதம். இடையில் டெங்குவுக்குப் புதிய மருந்தெதுவும் வரவில்லை. முன்கூட்டியே இனங்காணலும், தாய்லாந்து வைத்தியர்களிடம் பெற்ற பயிற்சியும், தனிக் கண்காணிப்புப் பிரிவுகளும், மணிக்கு மணி நிரப்பப்பட்ட தாள்களுமே வந்தன.

எலிக்காய்ச்சலில் அப்படிக் கடிகாரம் பார்க்க முடியாது. 2008 இல் நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்டோரைப் பீடித்து 200க்கு மேற்பட்டோரைக் கொன்ற நோய் அது. சிறுநீரகத்தையும் நுரையீரலையும் ஒரே வாரத்தில் தாக்கும். சிறுநீர் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சிறுநீரகம் கெட்டு, பொற்றாசியம் இழக்கப்படும் வகையும் இதில் உண்டு. அவருக்குத் திரவம் குறைந்தால் சிறுநீரகம் போகும், கூடினால் ஏற்கெனவே குருதி கசியும் நுரையீரல் போகும். இங்கே போத்தலின் பெயர்ச்சீட்டைவிட, மணிக்கொரு தடவை நோயாளியின் பக்கத்தில் வந்து நிற்கும் ஒருவர்தான் முக்கியம்.

அதனால்தான் என் கவலை திரவ வகையைவிட ஆளணியின் மேல் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் வாட்டு நிரம்பும்போது ஒரு தாதி எத்தனை பேரின் உள்வரவையும் வெளியேற்றத்தையும் எழுத முடியும்? கரையோரத்தின் ஆதார வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் மாரி தொடங்குமுன் ஒரு சிறு உயர் கண்காணிப்பு அலகு ஆயத்தமாக வேண்டும். படுக்கையருகிலேயே குருதித் தடிப்பைப் பார்க்கும் கருவியும், நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கியதைக் காட்டும் கையடக்க ஸ்கானரும், அவற்றைப் பயன்படுத்தப் பழகிய இரவுநேர ஆளும் அங்கே இருக்க வேண்டும். கட்டடங்களுக்காகக் குரல் கொடுக்கும் எங்கள் அரசியல்வாதிகள் தாதியர் எண்ணிக்கைக்காகவும் குரல் கொடுக்கட்டும்.

வீட்டாரின் பங்கும் சிறிதல்ல. 2020 நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையை ஒட்டிக் கொவிட் கொத்தணி உருவானபின், விரலில் மாட்டும் கருவியைப் பார்த்து ஒட்சிசன் எத்தனை என்று சொல்ல இங்கே பாமரரும் பழகிக்கொண்டார்கள். அதே மக்களால் குடித்ததையும் சிறுநீரையும் அளந்து எழுதி வைக்க முடியும். சேலைன் ஏன் ஏற்றவில்லை என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருப்பதுபோல, ஏன் இன்னும் ஏறுகிறது என்று கேட்கும் உரிமையும் இருக்கிறது.

இன்னொன்றையும் இந்த மாரிக்கு முன்பே செய்யலாம், அதற்குப் பணமும் தேவையில்லை. அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். அம்பியூலன்ஸில் ஏற்றும்போது கசிவு எத்தனை மணிக்குத் தொடங்கியதாகக் கணித்தார்கள், அதுவரை எவ்வளவு ஏறியது, எவ்வளவு வெளியேறியது என்ற மூன்றும் எழுதிய தாள் நோயாளியோடு போக வேண்டும். தனியார் நிலையத்தில் முதல்நாள் ஏற்றிய போத்தலும் அதில் பதிவாக வேண்டும். அந்தத் தாள் கைக்கு வராவிட்டால் மட்டக்களப்பில் பொறுப்பேற்கும் வைத்தியர் கணக்கைப் பூச்சியத்திலிருந்துதான் தொடங்குவார், நோயாளியின் நுரையீரலில் அது பூச்சியத்திலிருந்து தொடங்காது.